பின்பக்கமாக மலையேறிய ஆம்புலன்ஸ்: பிரான்சில் ஒரு வாரம்

சனிக்கிழமை

மகள் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. ஈபிள் கோபுரம் ஏறியாகிவிட்டது, ஆற்றில் படகில் போயாகிவிட்டது, லா ஷப்பேல் கடைத்தெருவில் முருங்கைக்காய் விலையைக் கேட்டு வீட்டுக்காரி பெருமூச்சு விட்டதும் முடிந்தது. இனி என் முறை என்று சொல்லிவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கடலூர் பக்கம் அரசு மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஜீப்பில் ஆரம்பித்து, மாட்டடார் வேன் ஓட்டி, கடைசியில் டிராவலரில் முடித்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் வண்டி மேல்தான் போகும், கோபுரம் கோயில் எல்லாம் அப்புறம்தான். இங்கே ஒரு கிராமத்து அருங்காட்சியகத்தில் முதல் உலகப் போரில் ஓடிய ஃபோர்டு ஆம்புலன்ஸ் ஒன்று நிற்கிறது என்று மாப்பிள்ளை போனில் படம் காட்டினார். அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை.

அதற்கு முன்னோட்டமாக இன்று பாரிஸில் அன்வலீது ராணுவ அருங்காட்சியகம். நெப்போலியன் கல்லறை இருக்கும் இடம். எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள், நான் ஒரு டாக்ஸி முன்னால் நின்றுவிட்டேன். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, ஊரில் ஓடிய ரெனோ டாக்ஸிகளில் சுமார் 600 வண்டிகளைப் பிடித்து மார்ன் போர்முனைக்குச் சிப்பாய்களை ஏற்றி அனுப்பினார்கள். மீட்டர் போட்டே ஓட்டியிருக்கிறார்கள், பிறகு அரசாங்கம் காசு கொடுத்தது. படித்ததும் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன். போருக்குப் போகிற சவாரியிலும் மீட்டர் போட்டவனை நம்ம ஊர் ஆட்டோக்காரர்கள் பார்க்க வேண்டும்.

போகும்போது சிப்பாயை ஏற்றிக்கொண்டு போக வண்டி இருந்தது சரி, அடிபட்டவனைத் திரும்ப எப்படிக் கொண்டு வந்தார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி. அதற்கான முதல் ஆளும் இந்த வளாகத்துக்குள்ளேயே கிடக்கிறார். தொமினிக் லாரே, நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர். 1842இல் இறந்தவரை 1992இல்தான் வேறு இடத்திலிருந்து எடுத்து வந்து இங்கே அடக்கம் செய்தார்களாம். அவர் காலத்துக்கு முன்னால் மருத்துவ வண்டிகள் படைக்கு நாலைந்து கிலோமீட்டர் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகுதான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் ஒரு பகல் ஓர் இரவு கூட ஆகிவிடும், பாதிப் பேர் கிடந்த இடத்திலேயே போயிருப்பார்கள். 1792இல் ரைன் படையில் இருந்தபோது இவர் இதைப் பார்த்துவிட்டு, பீரங்கி வண்டி மட்டும் குதிரை பூட்டிக்கொண்டு சண்டைக்கு நடுவே பறக்கிறதே, நாம் ஏன் பறக்கக் கூடாது என்று யோசித்தார். இரண்டு சக்கரம், இரண்டு குதிரை, ஸ்பிரிங் வைத்த பெட்டி, உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மேடு பள்ளமான இடத்துக்கு நாலு சக்கர வண்டி. அதற்குப் பெயர் பறக்கும் ஆம்புலன்ஸ்.

ஸ்பிரிங் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். மனுஷன் டாக்டர்தான், ஆனாலும் வண்டிக்காரன் புத்தி இருந்திருக்கிறது.

பதவியைப் பார்க்காமல் யாருக்கு அடி பலமோ அவனை முதலில் தூக்கு என்பதும் அவர் வைத்த ஒழுங்குதான். நெப்போலியன் தன் உயிலில் இவருக்கு ஒரு லட்சம் பிராங்க் எழுதிவைத்தார். நான் பார்த்தவர்களிலேயே மிக உத்தமமான மனிதர் என்றும் அதில் எழுதினாராம். நெப்போலியன் கல்லறையைப் பார்க்க வரிசை நிற்கிறது. இவரைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு காவலருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை

இன்று நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை இந்த வாரம் லீவு போட்டிருக்கிறார். அவர் புதுச்சேரிக்காரர், அவங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊரில் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக்கு 'சொல்தா வீடு' என்றுதான் பெயர். வீட்டுக்காரி புளியோதரை கட்டினாள், பேத்திக்குத் தனியாகத் தயிர்சாதம். பாரிஸிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெருஞ்சாலையை விட்டு இறங்கினால் உழுது போட்ட வயல், நடுவே சின்னச் சின்ன ஊர்கள், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாதா கோயில், கோயில் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண், தூணில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருவதைக்கூடப் பார்த்தேன். ஐம்பது அறுபது வீடு இருக்கிற ஊரில் அவ்வளவு நீளப் பட்டியல்.

அந்த ஃபோர்டு ஆம்புலன்ஸ் நிற்கிற கிராமமான பிளேராங்கூர் வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற பிறகு மாப்பிள்ளை கைபேசியைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "மாமா, செவ்வாய்க்கிழமை லீவாம்."

பிரான்சில் தேசிய அருங்காட்சியகங்கள் பல செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பது இங்கே பதினைந்து வருஷமாக இருக்கிற அவருக்கும் ஞாபகம் வரவில்லை, முன்னாலேயே கேட்டு வைக்க எனக்கும் தோன்றவில்லை. யாரைக் குறை சொல்ல. ஆம்புலன்ஸ்காரன் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியை எடுத்தது மாதிரி ஆயிற்று.

தோட்டம் மட்டும் திறந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மரங்களும் செடிகளுமாக வைத்து அதற்குப் புது உலகத் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் என்பதால் இலையெல்லாம் குங்குமமும் மஞ்சளுமாக இருந்தது. புளியோதரை தின்னத் தோதான இடம். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை இது, 1612இல் ஆரம்பித்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். பெரிய வாசலும் இரண்டு சின்ன மண்டபங்களும்தான் மிச்சம்.

சும்மா திரும்ப மனசு வராமல் வழியில் கொம்பியேன் காட்டுக்குள் போனோம். 1918 நவம்பர் 11 அன்று ஒரு ரயில் பெட்டிக்குள் வைத்துப் போர்நிறுத்தக் கையெழுத்துப் போட்ட இடம். 1940 ஜூனில் ஹிட்லர் அதே பெட்டியை அதே இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, அதற்குள்ளேயே பிரான்சைக் கையெழுத்துப் போட வைத்தான். பிறகு பெட்டியை பெர்லினுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 1945இல் அது எரிந்து போனது. இப்போது இருப்பது அதே வரிசையில் செய்த இன்னொரு பெட்டி. ஒரு வண்டியின் மேல் இவ்வளவு வன்மமா என்று நினைத்துக்கொண்டேன். மரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வீடு திரும்பினோம். வழியெல்லாம் பேத்தி, "தாத்தா, நாளைக்கு எந்த மூடின மியூசியம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை

இங்கே புதன் மதியம் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு நானும் மகளும் கியூரி அருங்காட்சியகம் போனோம். மேரி கியூரி வேலை பார்த்த கட்டடத்திலேயே, அவர் பெயர் வைத்த தெருவிலேயே இருக்கிறது. டிக்கெட் கிடையாது. சின்ன இடம், அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். அவருடைய மேசை, ஆய்வுக்கூடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரேடியத்தைப் பற்றி மகள் பேத்திக்கு விளக்கினாள், நான் தேடிப் போனது வேறு.

ஒரு புகைப்படத்தில் கியூரி அம்மா ஒரு பழைய காரின் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். போர் தொடங்கியபோது எக்ஸ்ரே மெஷின் ஊர் ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தது. போர்முனையில் குண்டுச் சிதறல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் டாக்டர்கள் குத்துமதிப்பாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா பணக்காரப் பெண்களிடம் போய்க் கார் கேட்டு வாங்கி, அதில் எக்ஸ்ரே குழாயும் டைனமோவும் ஏற்றினார். கார் எஞ்சினே டைனமோவைச் சுற்றும், அந்தக் கரண்டில் படம் எடுக்கலாம். அப்படி இருபது வண்டி வரைக்கும் தயார் செய்திருக்கிறார். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் குட்டி கியூரி. நிலையாக ஓர் இடத்தில் இருக்கும் எக்ஸ்ரே அறைகளும் இருநூறு அமைத்தார். 1916இல் லைசென்ஸ் எடுத்தார். டயர் மாற்றவும் கார்புரேட்டர் கழுவவும் அவரே கற்றுக்கொண்டார். மகள் ஐரீன் கூடவே போனாள், போர் தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு வயது 17 கூட முடியவில்லை.

இரண்டு முறை நோபல் வாங்கியவர் நடுரோட்டில் கார்புரேட்டர் கழுவியிருக்கிறார் என்று படித்ததும், நான் சர்வீஸில் இருந்தபோது ஸ்டெப்னி மாற்ற உடன் வந்தவர் ஒருவர் கூடக் கைகொடுக்காத ராத்திரிகள் ஞாபகம் வந்தன. அவர்கள் யாரும் நோபல் வாங்கியவர்களும் இல்லை.

பேத்தி கேட்டாள்: "அப்ப அவங்களும் உங்க மாதிரி ஆம்புலன்ஸ் டிரைவரா தாத்தா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மகள் முறைத்தாள்.

வியாழக்கிழமை

மறுபடி பிளேராங்கூர். இன்று திறந்திருந்தது. நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் படங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை முதலில் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். இவ்வளவு சின்னதா? ராணுவ ஆம்புலன்ஸ் என்றதும் மனசுக்குள் ஒரு பெரிய லாரியை வைத்திருந்தேன். இது ஒரு குதிரை வண்டியின் கூண்டைக் கார் மேல் தூக்கி வைத்த மாதிரி நிற்கிறது. மரக்கால் வைத்த ஒல்லிச் சக்கரங்கள், சைக்கிள் டயரை விடக் கொஞ்சம்தான் தடிமன் என்று சொல்லத் தோன்றுகிறது. பக்கத்தில் சிவப்புச் சிலுவை. டிரைவருக்குக் கதவு கிடையாது.

ஃபோர்டு டி மாடல். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்த அதே கார். 2.9 லிட்டர் எஞ்சின், நாலு சிலிண்டர், ஆனால் சக்தி வெறும் 20 குதிரைத் திறன். நம்ம ஊரில் இன்று ஓடுகிற பெரிய புல்லட்டுக்கு இதை விடக் கூடுதல். இதில் மூன்று ஸ்ட்ரெச்சர்: தரையில் இரண்டு, மேலே தொங்குகிற மாதிரி ஒன்று.

இது இங்கே வந்த கதை முக்கியம். அமெரிக்கா போரில் சேர்ந்தது 1917 ஏப்ரலில். அதற்கு முன்னாலேயே அமெரிக்கர்கள் சிலர் இங்கே வந்து ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிஸை ஒட்டிய நெய்யியில், கட்டி முடிக்காத ஒரு பள்ளிக்கூடத்தை 1914இல் ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள், அங்கேதான் தொடக்கம். அதற்கு அமெரிக்கன் ஆம்புலன்ஸ் என்று பெயர். அந்தக் காலத்துப் பிரெஞ்சில் ஆம்புலன்ஸ் என்றால் வண்டி இல்லை, படையோடு நகர்கிற ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் பெயர் எப்படியோ வழுக்கி வண்டியின் பெயராகிவிட்டது. 1915இல் பியாட் ஆண்ட்ரூ என்பவர் வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், அமெரிக்க நாணயச் சாலைக்கு இயக்குநராக இருந்தவர். அவர்தான் பிரெஞ்சு ராணுவத்தோடு பேசி, ஒவ்வொரு டிவிஷனுக்கும் இருபது வண்டி அளவில் ஒரு பிரிவு என்று பிரித்து, முன்வரிசை வரைக்கும் அனுப்ப ஒப்புதல் வாங்கினார். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்று பெயர், சுருக்கமாக ஏ.எஃப்.எஸ். ஓட்டியவர்கள் ஹார்வர்டு, யேல் என்று காலேஜ் பையன்கள். சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, பலர் தங்கள் செலவில் வந்தவர்கள். முதல் போரில் மட்டும் சுமார் 2,500 பேர் ஓட்டினார்கள், அதில் 127 பேர் திரும்பவில்லை.

மாப்பிள்ளை இதையெல்லாம் பலகை பலகையாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பாதி கேட்டேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு உள்ளே டிரைவர் காலடியை எட்டிப் பார்த்தேன். அருங்காட்சியகத்து அம்மா ஒருவர் ஓடி வந்தார், ஏதோ மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போல. மாப்பிள்ளை விளக்கியதும் சிரித்துவிட்டு, தொடாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கச் சொன்னார்.

மூன்று பெடல் இருக்கிறது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை! ஆக்ஸிலரேட்டர் காலில் கிடையாது, ஸ்டியரிங்குக்குக் கீழே வலது கைப்பக்கம் ஒரு குச்சி. இடது கைப்பக்கக் குச்சி, தீப்பொறி முன்னே பின்னே விழுவதற்கு. இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக், அதுவும் சக்கரத்தில் இல்லை, கியர்பெட்டிக்குள் ஒரு பட்டை போய் இறுக்கும். மலை இறக்கத்தில் அந்தப் பட்டை தேய்ந்து சூடாகிப் பிடிக்காமல் போகும். அப்போது என்ன செய்வார்கள் தெரியுமா, நடுவில் இருக்கும் ரிவர்ஸ் பெடலை மிதிப்பார்கள், அதுவே பிரேக் மாதிரி பிடிக்கும். முப்பது வருஷம் ஓட்டிய எனக்கு இதில் உட்கார்ந்தால் முதல் திருப்பத்திலேயே சுவரில் கொண்டுபோய் இடிப்பேன் என்று தோன்றியது. காலேஜ் பையன்கள் இருட்டில் ஓட்டினார்கள். லைட் போட்டால் எதிரி பார்த்துக் குண்டு போடுவான், அதனால் லைட்டே இல்லாமல்.

அப்புறம் மலை ஏற்றம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழே. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகச் சரிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கினால் எஞ்சின் டேங்கை விட உயரத்துக்குப் போய்விடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அவ்வளவுதான், நின்றுவிடும். அதற்கு டி மாடல் ஓட்டியவர்கள் கண்டுபிடித்த வழி, வண்டியைத் திருப்பிப் போட்டு ரிவர்ஸிலேயே மலையேறுவது. ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் அதிகம், டேங்கும் மேலே வந்துவிடும். யோசித்துப் பாருங்கள், ஒரு மலைப்பாதையில் வரிசையாக வண்டிகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஏறுவதை.

மலை என்றதும் அல்சாஸ் பகுதியின் வோஜ் மலை. அங்கே அதுவரை அடிபட்டவர்களைக் கோவேறு கழுதை மேல் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆம்புலன்ஸ்கள் அந்தப் பாதையில் திரும்பவே முடியாது. இந்தச் சின்ன ஃபோர்டு ஏறியது. சேற்றில் மாட்டினால் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம், அவ்வளவு லேசு. பெரிய வண்டி என்றால் பெரிய உதவி என்று நாம் நினைப்போம், ராணுவ அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். காயம்பட்டவன் கிடக்கிற இடம் வரைக்கும் போக முடிகிற வண்டிதான் ஆம்புலன்ஸ். 108 வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சந்துகளில் மாட்டடார் நுழையாமல், கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தெருமுனை வரை தூக்கி வந்த பிரசவ கேஸ்கள் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த மலைப்பாதையில்தான் ரிச்சர்டு ஹால் என்ற இளைஞர் 1915 கிறிஸ்துமஸ் அதிகாலையில் வண்டியோடு குண்டுபட்டு இறந்தார். படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டு வந்தவர். அதே டிசம்பரில், இந்த வண்டியைச் செய்த ஹென்றி ஃபோர்டு போரை நிறுத்துகிறேன் என்று ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாதானத் தூதர்களோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பியிருந்தார். கப்பல் நார்வே வரை வந்தது. போர் நிற்கவில்லை.

சரி, டிரைவராக என் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. கூண்டு பின் சக்கரத்துக்கு அப்பால் ரொம்பவே நீண்டிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் நீளத்துக்குக் கார் போதவில்லை, அதனால் பின்னால் இழுத்துவிட்டார்கள். இப்படி இருந்தால் முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் இருப்பவன் தூக்கிப் போடப்படுவான். இதற்கு முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு பட்டை ஸ்பிரிங்தான். எலும்பு முறிந்தவனைப் படுக்கவைத்து, குண்டு விழுந்து குழியான ரோட்டில் போனால் எப்படிக் கத்தியிருப்பான்.

ஆம்புலன்ஸ் என்றால் வேகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் நாள் சொன்னது, "தம்பி, சைரன் ஊருக்குத்தான், பிரேக் உள்ளே படுத்திருக்கிறவனுக்கு." காலியாகப் போகும்போது பற, கேஸ் ஏறிவிட்டால் தண்ணீர்க் குடம் ஏற்றிய மாதிரி ஓட்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடலோரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனை நடை ஓட்டினேன் என்று நான் எண்ணவில்லை. முதல் சில நடை மெதுவாகத்தான் ஓட்டினேன். அப்புறம் மெதுவாக ஓட்ட வேண்டிய அவசியம் இல்லாத நடைகள்.

அதை இங்கே எழுத நினைக்கவில்லை, வண்டியைப் பார்த்ததும் வந்துவிட்டது.

வண்டி வரை கொண்டுவந்து சேர்ப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதுங்குகுழியிலிருந்து தோளில் தூக்கி வருபவன் இல்லாமல் வண்டிக்கு வேலையே இல்லை. காந்தி தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது 1899இல் ஒரு இந்திய ஆம்புலன்ஸ் படை திரட்டினாரே, அதில் ஒரு வண்டி கூட முக்கியமில்லை, ஆட்களின் தோள்தான். சுமார் 1,100 பேர், அதில் 800 பேர் அளவுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய நம்ம ஊர்க்காரர்கள் அதில் நிறைய. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் டோலி தூக்கி நடந்தார்கள். மாப்பிள்ளைக்கு இது தெரியாது, அவர் எனக்குப் பிரெஞ்சுப் பலகை படித்துக் காட்டியதற்குப் பதில் கடனாக நான் இதைச் சொன்னேன்.

இந்த அருங்காட்சியகம் இங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு பெண்மணி. ஆன் மோர்கன், அமெரிக்காவின் பெரிய வங்கி முதலாளி ஜே. பி. மோர்கனின் மகள். 1917இல் இந்த இடிந்த மாளிகைக்கு வந்து முகாம் போட்டு, போரில் நாசமான கிராமங்களுக்கு விதை, ஆடு மாடு, மருந்து, பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று 1924 வரை வேலை பார்த்திருக்கிறார். அவரோடு வந்த அமெரிக்கப் பெண்கள் சுமார் 350 பேர். பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும், கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சேர்வதற்கு நிபந்தனை. சீருடையில் அந்தப் பெண்கள் ஃபோர்டு வண்டி பக்கத்தில் நிற்கும் படங்களை வீட்டுக்காரி ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்களை ஸ்கூட்டர் கத்துக்கொடுங்கன்னு 90லேருந்து கேக்கறேன்" என்றாள். பதில் சொல்லவில்லை, வேறு அறைக்குப் போய்விட்டேன்.

போர் முடிந்ததும் அந்த ஏ.எஃப்.எஸ் ஆம்புலன்ஸ் அமைப்பு முடியவில்லை, இரண்டாம் உலகப் போரிலும் ஓட்டினார்கள். அதன்பிறகு 1947இல் நாடு விட்டு நாடு மாணவர்களை அனுப்பிப் படிக்கவைக்கிற அமைப்பாக மாறிவிட்டது, இன்றும் ஏ.எஃப்.எஸ் என்ற பெயரிலேயே நடக்கிறது. மகள் படித்தபோது அவள் வகுப்பில் ஒரு பையன் அப்படி வெளிநாடு போனானாம். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை

இன்று ஒன்றும் விசேஷம் இல்லை. காலையில் மழை. மதியம் மெட்ரோ பிடித்து நெய்யி போய் அந்தப் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தேன், லிசே பாஸ்தர் என்று பெயர். செங்கல்லில் கட்டிய பெரிய கட்டடம், மாளிகை மாதிரி இருக்கிறது. 1914 செப்டம்பரில் மார்ன் சண்டை முடிந்ததும் இங்கிருந்துதான் முதல் வண்டிகள் மோ ஊர் வரை போய் அடிபட்டவர்களை ஏற்றி வந்தன. பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் வெகுநேரம் நிற்கிற வயசான வெளியூர்க்காரனை ஒரு மாதிரி பார்த்தார்கள், கிளம்பிவிட்டேன்.

நேற்றே எங்கள் பழைய டிரைவர்கள் வாட்ஸாப் குழுவில் பத்துப் படம் போட்டிருந்தேன். எனக்குச் சீனியர் அண்ணன் ஒருவர், இப்போது நெல்லிக்குப்பம் பக்கம் இருக்கிறார், எழுபத்தாறு வயசு. குழுவில் யார் என்ன போட்டாலும் கும்பிடு பொம்மை மட்டும் போடுகிறவர், இன்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். "என்னப்பா, பின்னாடி இவ்ளோ நீட்டமா இருக்கு, கேஸைத் தூக்கிப் போடாதா?" நான் நேற்று எழுதிய அதே வார்த்தை. அடுத்து, "எல்லாப் படத்தையும் பார்த்துட்டேன், ஸ்டெப்னி எங்க?"

இந்தக் கேள்வி எனக்கு அங்கே நின்றபோது தோன்றவில்லை என்பதில் வருத்தம்தான். மாப்பிள்ளையை விட்டு நெட்டில் தேடச் சொன்னேன். அந்தக் காலத்து டி மாடலில் சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்டுகிற வழக்கமே இல்லையாம். பஞ்சர் ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் வண்டியிலேயே இருக்க டயரை நெம்பி எடுத்து, ட்யூபை ஒட்டியோ மாற்றியோ போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். அண்ணனுக்கு அப்படியே டைப் செய்து அனுப்பினேன்.

ஊரில் அப்போது ராத்திரி பதினொன்று இருக்கும். உடனே பதில் வந்தது.

"கேஸ் உள்ள இருக்கும்போதா?"